வன்தட்டு நலம், பதிவேடுதான் புரியவில்லை

சாஆ பட்டணத்தில் ஒரு படக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நடக்கும் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என எல்லாவற்றுக்கும் அந்தக் கடைக்காரர்தான் படம் எடுப்பவர். 2003-இல் அவர் பிலிமை விட்டு டிஜிட்டல் கேமராவுக்கு மாறினார். படங்கள் குவியத் தொடங்கின. அன்றைக்கு அவரிடம் இருந்த வன்தட்டின் கொள்ளளவு 80 கிகாபைட். அது போதவில்லை. கணினி படித்த மருமகன் இன்னொரு வன்தட்டை வாங்கி மாட்டினார். லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, இரண்டையும் இணைத்து, 160 கிகாபைட் கொண்ட ஒரே வன்தட்டைப் போலத் தெரியும்படி செய்து கொடுத்தார். மாமாவுக்கு மகிழ்ச்சி. எந்தப் படம் எந்த வன்தட்டில் இருக்கிறது என்று அவர் கவலைப்பட வேண்டியதே இல்லை.

சில ஆண்டுகளில் அந்தக் கணினி பழுதானது. வன்தட்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கடைக்காரர் புதுக் கணினி வாங்கிக்கொண்டார். இப்போது ஓர் அம்மா கடைக்கு வருகிறார். கணவர் தவறிவிட்டார். வீட்டிலிருந்த கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் போய்விட்டது. "ஒரு படமாவது இருக்குமா, அண்ணே?" என்று கேட்கிறார்.

வன்தட்டுகளை எடுத்து இணைக்கிறார் கடைக்காரர். இரண்டும் நன்றாகச் சுழல்கின்றன. கடகட என்ற கெட்ட சத்தம் எதுவும் இல்லை. ஆனால் கணினித் திரையில் ஒரு படம்கூடத் தெரியவில்லை. விண்டோஸ் கணினியாக இருந்தால், "இதை ஃபார்மட் செய்யட்டுமா?" என்றுகூடச் சில நேரம் கேட்கும். தப்பித்தவறி 'சரி' என்று அழுத்திவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகிவிடும்.

கடையும் அந்த அம்மாவும் கற்பனை. சிக்கல் கற்பனை அல்ல. படங்கள் அத்தனையும் அந்த வன்தட்டுகளில் அப்படியே இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பதிவேடு இன்றைய கணினிக்குப் புரியாத வடிவத்தில் இருக்கிறது. பழைய வடிவத்தில் இருக்கும் பதிவேட்டைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவது எப்படி, அதை எப்போது செய்ய வேண்டும், அதில் என்ன ஆபத்து என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நிலம் ஓரிடம், பதிவு ஓரிடம்

வன்தட்டு என்பது எண்ணிடப்பட்ட சிறு பெட்டிகளின் நீண்ட வரிசை. பழைய வன்தட்டுகளில் ஒரு பெட்டிக்கு 512 பைட். 80 கிகாபைட் வன்தட்டில் ஏறத்தாழ 15 கோடியே 60 இலட்சம் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டிக்குள் இருப்பது மணப்பெண்ணின் முகமா, கடையின் கணக்கா என்பது வன்தட்டுக்குத் தெரியாது. "பெட்டி எண் இதைக் கொடு" என்றால் கொடுக்கும். "இதில் இதை வை" என்றால் வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒரு படத்தைச் சேர்த்துப் பார்க்க ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சரியான வரிசையில் எடுக்க வேண்டும். அந்த வரிசையைச் சொல்லும் குறிப்பும் அதே வன்தட்டில்தான் எழுதப்பட்டிருக்கும்.

நம் நாட்டு நில அலுவலகத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்கீழ் நிலத்தின் உரிமையைத் தீர்மானிப்பது பதிவேடு. சிகாமட் மாவட்டத்தில் உங்களுக்கு நான்கு ஏக்கர் செம்பனை இருந்தால், அந்த மரங்கள் அங்கேயேதான் நிற்கும். ஆனால் எந்த லாட், எவ்வளவு பரப்பு, யார் பெயரில் என்பதைச் சொல்வது அலுவலகத்தில் இருக்கும் பதிவு. பழைய கைப்புத்தகத்திலிருந்து கணினிக்குப் பதிவுகளை மாற்றும்போது ஒரு மரம்கூட இடம் பெயர்வதில்லை. ஆனால் எழுதும்போது ஒரு வரி பிசகினால் போதும்; அந்த நிலம் ஆவணத்தில் காணாமல் போய்விடும்.

வன்தட்டில் இப்படிப்பட்ட பதிவேடுகள் மூன்று அடுக்குகளாக இருக்கலாம். முதல் அடுக்கு பிரிவினை அட்டவணை. "இந்தப் பெட்டியிலிருந்து இந்தப் பெட்டி வரை ஒரு பகுதி" என்று அது வகுத்துச் சொல்லும். மூன்றாம் அடுக்கு கோப்பு முறைமை. எந்தக் கோப்பு எந்தப் பெட்டிகளில் இருக்கிறது என்று அது குறித்து வைக்கும். இவை இரண்டும் எல்லாக் கணினியிலும் உண்டு. இடையில் வரும் இரண்டாம் அடுக்குக்கு ஆங்கிலப் பெயர் வால்யூம் மேனேஜர். தமிழில் 'தொகுதி மேலாளர்' எனலாம். மருமகன் போட்டுக் கொடுத்தது இதைத்தான்.

தொகுதி மேலாளர் வன்தட்டுகளைச் சமமான துண்டுகளாக வெட்டும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எல்.வி.எம். மென்பொருளின் இன்றைய வழக்கத்தில் ஒரு துண்டுக்கு 4 மெகாபைட். 1 டெராபைட் வன்தட்டில் ஏறக்குறைய 238,000 துண்டுகள் கிடைக்கும். பிறகு, "தொகுதியின் முதல் 19,000 துண்டுகள் முதல் வன்தட்டில், அடுத்த 19,000 துண்டுகள் இரண்டாம் வன்தட்டில்" என்று ஒரு பட்டியல் எழுதும். மேலே இருக்கும் கோப்பு முறைமைக்கு இந்த உள்விவரம் எதுவும் தெரியாது. தனக்கு ஒரே பெரிய வன்தட்டு கிடைத்ததாக அது எண்ணிக்கொள்ளும். இடம் போதாமல் போனால் மூன்றாவது வன்தட்டை மாட்டி, பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் தொகுதி நீண்டுவிடும்.

இந்தப் பட்டியல் மிகச் சிறியது. பல கிகாபைட் படங்களுக்குச் சில கிலோபைட் குறிப்பு. படங்கள் அத்தனையும் நலமாக இருந்தும் அந்தக் குறிப்பு இல்லையென்றால், அல்லது அதைப் படிக்க ஆள் இல்லையென்றால், பயன் இல்லை.

ஒரே வேலைக்குப் பல பதிவேடுகள்

தொகுதி மேலாளர் புதிய யோசனை அல்ல. 1990-இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ். மூன்றாம் பதிப்பிலேயே அது இருந்தது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் இயங்குதளத்திலும் ஒன்று இருந்தது. ஜெர்மானியரான ஹைன்ஸ் மவல்ஸ்ஹாகன் 1998-இல் லினக்ஸுக்கு எல்.வி.எம். எழுதத் தொடங்கியபோது அந்த ஹியூலெட் பேக்கார்டு வடிவமைப்பைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார். 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 கருவகத்தில் அது இடம்பெற்றது. இன்று அதை எல்.வி.எம்.1 என்று அழைக்கிறார்கள்.

அதே காலத்தில் ஐ.பி.எம். பொறியாளர்கள் ஈ.வி.எம்.எஸ். என்ற இன்னொரு தொகுதி மேலாளரை லினக்ஸுக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நோக்கம் பெரியது. எந்த நிறுவனத்தின் பதிவேடாக இருந்தாலும் அதைப் படித்துக் கையாளும் ஒரே கருவியாக அது இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். மவல்ஸ்ஹாகன் பணியாற்றிய சிஸ்டினா நிறுவனமோ எல்.வி.எம்.மின் இரண்டாம் தலைமுறையை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் அடித்தளத்துக்கு டிவைஸ் மேப்பர் என்று பெயர். துண்டுகளை இங்கிருந்து அங்கே திருப்பிவிடும் வேலையை மட்டும் கருவகத்தில் வைத்துக்கொண்டு, பதிவேட்டைப் படிப்பது, எழுதுவது போன்ற மற்ற வேலைகளை வெளியே விட்டுவிடும் எளிய ஏற்பாடு அது.

2002-இன் இறுதியில் கருவகப் பராமரிப்பாளர்கள் டிவைஸ் மேப்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நவம்பரிலேயே ஈ.வி.எம்.எஸ். குழுவினர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். தங்கள் சொந்தக் கருவகப் பகுதியைக் கைவிட்டு, டிவைஸ் மேப்பர் மீதே தங்கள் கருவிகளை அமைக்கப்போவதாகச் சொன்னார்கள். பல ஆண்டு உழைப்பை விட்டுக்கொடுத்து, பயனர்களுக்கு ஒரு வழி திறந்து வைத்த முடிவு அது. எல்.வி.எம். வடிவத்தை ஈ.வி.எம்.எஸ்.ஸாலும் படிக்க முடிந்ததால், அந்த வடிவத்திலேயே தொகுதிகளை வைத்திருந்தவர்களுக்குப் பின்னாளில் மாறுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. ஈ.வி.எம்.எஸ்.ஸின் தனி முத்திரை பதித்த தொகுதிகளை வைத்திருந்தவர்கள்தான் மாற்றும் வேலையைச் செய்தாக வேண்டியிருந்தது.

2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 கருவகம் வந்தது. அதில் டிவைஸ் மேப்பர் இருந்தது, எல்.வி.எம்.1-இன் கருவகப் பகுதி இல்லை. அதே மாதத்தில் சிஸ்டினாவை ரெட் ஹேட் வாங்குவதாக அறிவித்தது. எல்.வி.எம்.2 நிலைத்தது. ஈ.வி.எம்.எஸ். மெல்ல மறைந்தது.

நம் கடைக்காரரின் மருமகன் 2003-இல் போட்டது எல்.வி.எம்.1. அதனால் படங்கள் உடனே பூட்டப்பட்டுவிடவில்லை. எல்.வி.எம்.2-இன் கருவிகள் பழைய பதிவேட்டையும் படிக்கக் கற்றிருந்தன. அதைப் புது வடிவத்துக்கு மாற்றித் தரும் 'விஜி-கன்வெர்ட்' என்ற கட்டளையும் அவற்றோடு வந்தது. அந்த வசதி பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் இருந்தது. 2018-இல் வெளிவந்த பதிப்பில் எல்.வி.எம்.1-க்கான ஆதரவை நீக்கிவிட்டார்கள். பயன்படுத்துவோர் அநேகமாக இல்லாத ஒன்றை யாராவது ஒருவர் பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை. எனவே அந்த நீக்கம் நியாயமானதுதான். ஆனால் அலமாரியில் கிடந்த வன்தட்டுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல யாரும் இல்லை.

முன் அறையில் இடம் இல்லை

பதிவேட்டை மாற்றுவது என்றால் என்ன செய்கிறார்கள்? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எல்லாவற்றையும் நகலெடுப்பது. புது வன்தட்டு வாங்கி, அதில் புது வடிவத்தில் தொகுதி அமைத்து, கோப்புகளை அதற்கு மாற்றுவது. நேரம் பிடிக்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டை நகலெடுக்க ஏழரை மணி நேரம் ஆகும். ஆனால் பழைய வன்தட்டு தொடப்படாமல் அப்படியே இருக்கும். எது தவறினாலும் திரும்பி வரலாம். செலவு செய்ய முடிந்தவர்களுக்கு இதுவே நல்ல வழி.

இரண்டாம் வழி, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே துண்டு துண்டாக நகர்த்துவது. எல்.வி.எம்.மில் 'பிவி-மூவ்' என்ற கட்டளை இதைச் செய்கிறது. நகரும் பகுதிக்குப் பழைய வன்தட்டிலும் புதிய வன்தட்டிலும் ஒரே நேரத்தில் பிரதி வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பதிவேட்டில் அந்த வரியை மாற்றும். அதன் பிறகு அடுத்த பகுதி. நடுவில் மின்சாரம் போனாலும், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடை திறந்தே இருக்கும். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் கணினிகளை நிறுத்தாமல் வன்தட்டு மாற்ற முடிவது இத்தகைய ஏற்பாடுகளால்தான்.

மூன்றாம் வழி, தரவுகளை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பதிவேட்டை மட்டும் திருத்தி எழுதுவது. சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் இதில்தான் கை நடுங்கும். காரணம், இட நெருக்கடி.

சாதாரணமாக ஃபார்மட் செய்த ஒரு வன்தட்டுப் பகுதியை எல்.வி.எம். தொகுதியாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.வி.எம். தன் பதிவேட்டைப் பகுதியின் தொடக்கத்தில் எழுதும். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே கோப்பு முறைமை உட்கார்ந்திருக்கிறது. முன் அறையில் ஆள் இருக்கும்போது அங்கே அலுவலகம் போட முடியுமா?

இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. முதலில் கோப்பு முறைமையைச் சற்றே சுருக்கி, கடைசியில் ஒரு துண்டு அளவுக்கு இடத்தைக் காலி செய்கிறார்கள். பிறகு முதல் துண்டில் இருப்பதை அந்தக் கடைசித் துண்டுக்கு நகலெடுக்கிறார்கள். இப்போது முன் அறை காலி. அங்கே புதுப் பதிவேட்டை எழுதுகிறார்கள். அதில், "தொகுதியின் முதல் துண்டு, இந்தப் பகுதியின் கடைசியில் இருக்கிறது, இரண்டாவது முதல் மற்றவை அவரவர் இடத்தில்" என்று குறிக்கிறார்கள். மொத்தத்தில் நகர்ந்தது ஒரே ஒரு துண்டு. மற்றவை அசையவே இல்லை.

நம் கடைக்காரரின் வழக்கு இதைவிட எளிது. எல்.வி.எம்.1 தன் பதிவேட்டுக்காகத் தொடக்கத்தில் ஒதுக்கிய இடத்திலேயே எல்.வி.எம்.2-இன் பதிவேடு அடங்கிவிடும். விஜி-கன்வெர்ட் கட்டளை பழையதைப் படித்து, அதே இடத்தில் புதியதை எழுதுகிறது. பழையது கணினிக்கு மட்டும் புரியும் எண்களாக இருந்தது. புதியது மனிதர் படிக்கக்கூடிய வெறும் எழுத்து. எந்தத் துண்டு எங்கே என்று ஒருவர் கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம். வேண்டுமானால் தாளில் அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். எல்.வி.எம்.2 ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பதிவேட்டின் நகலை வேறொரு கோப்பிலும் சேமிக்கிறது. பதிவேடு கெட்டுப்போனால் அந்த நகலைக் கொண்டு திரும்ப எழுதலாம்.

ஒத்திகை பார்த்த ஆப்பிள்

இருக்கும் இடத்திலேயே மாற்றும் இந்த வேலை உங்கள் கைப்பேசியிலும் நடந்திருக்கலாம். 2017 மார்ச் 27-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ். 10.3 பதிப்பை வெளியிட்டது. அதுவரை ஐபோன்களில் இருந்த கோப்பு முறைமை, 1998-இல் மெக்கிண்டாஷ் கணினிகளுக்கு வந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் வழிவந்தது. புதிய பதிப்பு அதை ஏ.பி.எஃப்.எஸ். என்ற முறைமைக்கு மாற்றியது. தொகுதிகளை நிர்வகிக்கும் வேலையையும் கோப்புகளை நிர்வகிக்கும் வேலையையும் ஏ.பி.எஃப்.எஸ். சேர்த்தே செய்கிறது. உலகெங்கும் கோடிக்கணக்கான கைப்பேசிகள் இப்படி மாறின. பெரும்பாலோர் எதையும் உணரவில்லை. வழக்கமான மேம்பாட்டைவிடச் சற்று நேரம் கூடியது, அவ்வளவுதான்.

அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஓர் ஒத்திகை இருந்தது. அதற்கு முந்தைய சில மேம்பாடுகளின்போதே, கைப்பேசி சத்தமில்லாமல் மாற்றத்தைச் செய்து பார்த்தது. புதிய பதிவேட்டை எழுதி, அது பழையதோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து, பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பியது. ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரேக் ஃபெடரிகி 2017 ஜூனில் இதைப் பொதுவில் சொன்னார். உண்மையான நாள் வரும்முன்பே எங்கே இடறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லினக்ஸில் இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற முறைமைக்கு மாற்றும் கருவி, காலியாக உள்ள இடத்தில் மட்டுமே புதிய பதிவேட்டை எழுதும். பழைய முறைமையின் முழு உருவத்தையும் ஒரு கோப்பாகப் பத்திரப்படுத்தும். புதியது பிடிக்கவில்லையென்றால் பழையதற்கே திரும்பலாம். மாறிய பிறகு எழுதியவை மட்டும் போகும். எல்லாம் சரி என்று உறுதியான பிறகு, பயனரே தன் கையால் அந்தப் பழைய உருவத்தை அழிக்க வேண்டும்.

எல்லாக் கருவிகளும் இவ்வளவு தாராளமானவை அல்ல. விண்டோஸ் 2000-இல் 'டைனமிக் டிஸ்க்' என்ற தொகுதி ஏற்பாடு வந்தது. சாதாரண வன்தட்டை டைனமிக் ஆக்குவதற்கு இரண்டு சொடுக்கு போதும்; தரவுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கருவியைக் கொண்டு திரும்பி வர வேண்டுமானால், அதிலுள்ள எல்லாத் தொகுதிகளையும் முதலில் அழிக்க வேண்டும். உள்ளே போகும் கதவு திறந்திருக்கிறது. வெளியே வரும் கதவுக்குக் கைப்பிடி இல்லை. அந்த ஏற்பாட்டைப் புதிதாகப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே இப்போது சொல்கிறது.

வீட்டுக் கணினிகளிலும் சமீபத்தில் ஒரு பதிவேட்டு மாற்றம் பரவலாக நடந்தது. 1983-இல் வந்த எம்.பி.ஆர். என்ற பிரிவினை அட்டவணை வெறும் 64 பைட்டில் அடங்கும். நான்கு வரிகள் மட்டுமே. 512 பைட் பெட்டிகள் கொண்ட வன்தட்டில் 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் கணக்கிட முடியாது. அதற்கு அடுத்து வந்த ஜி.பி.டி. அட்டவணை தன்னுடைய இரண்டாவது பிரதியை வன்தட்டின் கடைசியிலும் எழுதி வைக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், பலர் விண்டோஸ் 11-க்கு மாறும் முன் பழைய அட்டவணையை ஜி.பி.டி.க்கு மாற்றினார்கள். அதற்காக மைக்ரோசாஃப்ட் தரும் கருவியில், எதையும் மாற்றாமல் 'மாற்ற முடியுமா' என்று மட்டும் பார்க்கும் ஒத்திகை வசதியும் உண்டு. அதைத் தாண்டாமல் உண்மையான மாற்றத்தில் இறங்காதீர்கள்.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

மீண்டும் சாஆவுக்கு வருவோம். அந்த அம்மாவுக்குக் கடைக்காரர் "இருக்கும், தேடிப் பார்க்கிறேன்" என்று சொல்லலாம். அவர் செய்ய வேண்டியவை வரிசையாக இவை.

முதலில், 'ஃபார்மட் செய்யட்டுமா' என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்வது. 2003-இன் வன்தட்டுகளில் இருக்கும் அகலமான ஐ.டி.இ. இணைப்பு இன்றைய கணினிகளில் இல்லை. அதை யூ.எஸ்.பி.யில் செருக உதவும் இணைப்பான் தேவைப்படும். 

அடுத்து, இரண்டு வன்தட்டுகளையும் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை அப்படியே நகலெடுப்பது. இதற்கு 'டிடி-ரெஸ்கியூ' போன்ற இலவசக் கருவிகள் உண்டு. படிக்க முடியாத பெட்டிகளை ஒதுக்கிவிட்டு முதலில் நல்லவற்றை எடுத்துக்கொண்டு, பிறகு கெட்டவற்றைத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். பழைய வன்தட்டு இன்னும் எத்தனை மணி நேரம் சுழலும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நேரத்தைத் தேடுவதில் செலவிடக் கூடாது. நகலெடுப்பதில் செலவிட வேண்டும். நகல் முடிந்ததும் அசலைக் கழற்றி வைத்துவிடலாம். இனி எல்லாச் சோதனையும் நகலில்தான்.

மூன்றாவதாக, 2017-க்கு முந்தைய லினக்ஸ் பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடிப்பது. பழைய பதிப்புகள் இணையக் காப்பகங்களில் கிடைக்கின்றன. அதில் இருக்கும் எல்.வி.எம். கருவிகளுக்கு எல்.வி.எம்.1 பதிவேட்டைப் படிக்கத் தெரியும். இரண்டு நகல்களையும் ஒன்றாகக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் தொகுதி முழுமையாகாது. அலமாரியில் இரண்டு வன்தட்டுகளையும் பிரிக்காமல் வைத்த கடைக்காரரின் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

நான்காவதாக, தொகுதி திறந்ததும் படங்களை இன்றைய வன்தட்டு ஒன்றுக்கு மாற்றுவது. விஜி-கன்வெர்ட் கட்டளையைக் கொண்டு பதிவேட்டையும் மாற்றலாம். அதற்கும் ஒத்திகை வசதி இருக்கிறது. ஆனால் இப்போது முக்கியம் படங்கள். அவை வெளியே வந்துவிட்டால் பழைய பதிவேட்டுக்கு வேலை முடிந்தது.

இத்தனையும் 2010 வாக்கில், கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே செய்திருந்தால், ஒரே ஒரு கட்டளையில் முடிந்திருக்கும். இன்று அதற்கு இணைப்பான், காப்பகத்திலிருந்து எடுத்த லினக்ஸ், ஒரு வார இறுதி எல்லாம் தேவைப்படுகிறது. இன்னும் பத்து ஆண்டு போனால், அந்தப் பழைய லினக்ஸைத் துவக்கும் கணினியையும் தேட வேண்டியிருக்கும்.

வெள்ளம் வருவதற்குள்

ஜொகூர்வாசிகளுக்கு இந்த எச்சரிக்கை சற்றுக் கூடுதலாகவே பொருந்தும். 2023 மார்ச் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் சிகாமட், பத்து பகாட் உள்ளிட்ட மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மாநிலத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது அடையாள அட்டையையும் நகையையும் பிள்ளைகளின் சான்றிதழையும்தான் எடுக்கத் தோன்றும். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் வன்தட்டு யாருடைய நினைவுக்கும் வராது.

எந்தத் தொகுதி மேலாளரும் வெள்ளத்திலிருந்து காப்பாற்றாது. மருமகன் செய்த ஏற்பாட்டில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. இரண்டு வன்தட்டுகளை ஒன்றாக நீட்டியதால் இடம் கூடியது, பாதுகாப்பு கூடவில்லை. இரண்டில் எது கெட்டாலும் தொகுதி உடையும். ஒரு வன்தட்டை மட்டும் வைத்திருந்தால் வரும் ஆபத்தைவிட இது அதிகம்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய ஒரு கணக்கை உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். சாஆவில் கடை வைத்திருப்பவருக்கு அந்த வேறு இடம் குளுவாங்கில் இருக்கும் தங்கை வீடாக இருக்கலாம். இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம். அதே தாமானில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் நண்பர் வீடு கணக்கில் சேராது. ஒரே வெள்ளம் இரண்டு வீட்டுக்கும் வரும்.

அதோடு இரண்டு பழக்கங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை பழைய வன்தட்டுகளை எடுத்து, இன்றைய கணினியில் இணைத்து, நாலைந்து படங்களையாவது திறந்து பார்ப்பது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொண்டால் மறக்காது. இரண்டு, வன்தட்டின் மேல் ஒரு தாளை ஒட்டி, எந்த ஆண்டு, எந்த இயங்குதளம், எந்தத் தொகுதி மேலாளர், இதோடு சேர்ந்த மற்ற வன்தட்டுகள் எத்தனை என்று எழுதி வைப்பது. நாளைக்கு அதைத் திறப்பவர் மருமகனாக இல்லாமல் பேரப்பிள்ளையாக இருக்கலாம். அந்தத் தாள்தான் அவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு வன்தட்டு இருக்கிறதா? எடுத்து இணைத்துப் பாருங்கள். படங்கள் தெரிந்தால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். தெரியவில்லையென்றால் எதையும் அழுத்தாமல் கழற்றி வைத்துவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.